குடியிருக்கும் காம்பராவும் பேசும் வாயும்

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் தொழிலாளர்கள் இறங்கி வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேச வேண்டிய கூட்டம் அது. அவரோடு மேடையேறியவர்களில் இருபத்துநான்கு வயது வெள்ளைக்காரர் ஒருவரும் இருந்தார். சில மாதங்களுக்கு முன்வரை தேயிலைத் தோட்டம் ஒன்றில் சின்னத்துரையாகத் தொழில் பழகியவர். மேலே பங்களாக்களில் இருப்பவர்கள் கீழே லயங்களில் இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று, அந்தப் பங்களாவிலிருந்தே வந்த ஒருவர் பொதுமேடையில் சொன்னார். மலையகம் அதற்கு முன் கேட்டிராத பேச்சு அது.

மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில் என்பது அவர் பெயர். 1912இல் இலண்டனில் பிறந்து, தாயாரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். அங்கே ஓவியமும் பிறகு விவசாயமும் படித்தார், இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். 1936இல் இலங்கைக்குக் கப்பலேறி, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சின்னத்துரையாகப் பழக வருபவன் இலைக் கொழுந்தை மட்டும் பழகினால் போதாது. தொழிலாளியின் வீட்டுப்படி ஏறக் கூடாது. அவனோடு தோளில் கைபோட்டுப் பேசக் கூடாது. வழக்கு என்று வந்தால் பெரியதுரையின் பக்கமே நிற்க வேண்டும். எங்கும் எழுதிவைக்கப்படாத சட்டம் இது. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப் போன்ற இடங்களில், மாலை வேளைகளில், தோட்டத்துக்குத் தோட்டம் இந்தச் சட்டம் ஒரே மாதிரி காக்கப்பட்டது. ஒரு துரை வேறு மாதிரி நினைத்தால் அது அவருடைய சொந்த அபிப்பிராயமாக விடப்படுவதில்லை, இனத்துக்கே செய்த துரோகமாக எண்ணப்பட்டது.

பிரேஸ்கேர்டில் தொழிலாளரோடு பழகினார், சச்சரவுகளில் அவர்கள் பக்கம் பேசினார். வேலை போயிற்று. கொழும்புக்கு வந்து, தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த லங்கா சமசமாஜக் கட்சியோடு இணைந்தார். நாவலப்பிட்டிப் பேச்சு தோட்டத்துரைமாரைக் கலக்கிவிட்டது. ஏப்ரல் 22ஆம் திகதி தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் ஒப்பமிட்ட உத்தரவு அவரிடம் கொடுக்கப்பட்டது: 24ஆம் திகதி மாலை ஆறு மணிக்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். அவருக்கென்று கப்பலில் இடம்கூட ஒதுக்கியிருந்தார்கள்.

அவர் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் அக்கட்சியின் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதியைக் கண்டித்துக் கொண்டுவந்த பிரேரணை 34க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. அதே நாள் மாலை காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தில் பிரேஸ்கேர்டில் திடீரென்று மேடையில் தோன்றிப் பேசினார். பிறகு பிடிபட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று, அவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் திகதி பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரஹாம்ஸ் தலைமையிலான அமர்வு அவரை விடுவித்தது. தேசாதிபதி கையிலெடுத்த அதிகாரம் அவசரநிலைக் காலத்துக்கு உரியது, ஒருவர் பேசியதற்காக அதைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதை இலங்கையின் இடதுசாரி வரலாற்றில் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. வெற்றிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதை மலையகத்திலிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. வேலை போன பிறகும் அந்த இளைஞருக்கு எத்தனை இடங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பில் ஒளிந்திருக்க வீடுகள் இருந்தன. தாங்கிக்கொள்ள ஒரு கட்சி, கேள்வி கேட்க ஒரு சபை, வழக்காட நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர், விசாரிக்க ஒரு நீதிமன்றம் எல்லாம் இருந்தன. ரெலுகாஸ் பங்களாவை விட்டு அவர் வெளியேறியபோது உலகத்தை விட்டு வெளியேறவில்லை. அதே தோட்டத்தில் அதே கருத்தை ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணோ கவ்வாத்து வெட்டும் ஆணோ சொல்லியிருந்தால்?

அந்தக் கேள்விக்கு விடை தேட, தோட்டம் என்பது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் தப்பு முழங்கும், அல்லது சங்கு ஊதும். பிரட்டுக்களத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு இருக்கும். யாருக்கு எந்த மலை, யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலை, யாருக்கு அன்று வேலையே இல்லை என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். வேலை நாளுக்குப் பேர் போடுவது, அரைப்பேர் போடுவது, பேர் வெட்டுவது என்ற மூன்று சொற்களுக்குள் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அடங்கிவிடும். பிரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் அதற்கான பதில் வாயால் வராது. நாளைக்கு எட்டாத உயரத்து மலையாக வரும். கொழுந்தே இல்லாத நிரையாக வரும்.

வேலை முடிந்து திரும்புவது லயத்துக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். அந்தக் காம்பரா வீடல்ல, வேலைக்காகத் தரப்பட்ட இருப்பிடம். தோட்டம் கொடுத்தது, தோட்டம் எடுத்துக்கொள்ளக்கூடியது. பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா தோட்டத்துடையது. மருந்து கொடுப்பவர் தோட்டத்து ஆள். நடக்கும் பாதை, குடிக்கும் தண்ணீர், கோயில் நிற்கும் நிலம், புதைக்கும் மண் எல்லாம் தோட்டத்துடையவை. வெகுகாலம் பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருந்தது. உள்ளூராட்சிகூடத் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை, வாக்களித்தவரின் பாதையில் ஒரு கூடை கல்லைப் போட முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலைத்தலத்தில் மாற்றுக் கருத்து சொல்வதைப் பற்றி உலகம் எழுதியவற்றில் பெரும்பகுதி அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே ஒருவர் எதிர்த்துப் பேசினால் வேலை போகும், மதிப்புப் போகும், நண்பர்கள் விலகுவார்கள். இவை சிறிய துன்பங்கள் அல்ல. ஆனால் மாலையில் அவர் திரும்பிப் போகும் வீடு அவரை வேலைக்கு வைத்தவருடையதல்ல. 1970இல் பொருளியலாளர் அல்பேர்ட் ஹிர்ஷ்மன் எழுதிய நூலில் ஒரு கருத்து உண்டு: ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள், வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. வெளியேறிவிடுவேன் என்ற சாத்தியம் பின்னால் இருந்தால்தான் கொடுக்கும் குரலுக்கு எடை கூடும். தோட்டத்தில் வெளியேறுவது என்றால் பானை சட்டியோடும் பிள்ளை குட்டியோடும் நடுறோட்டுக்கு வருவது. பிறகு குரலுக்கு எடை எங்கிருந்து வரும்?

இதைத் துரைமார் நன்றாக அறிந்திருந்தார்கள். 1920களில் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைய முயன்றபோது அவர்மீது ஏவப்பட்டது அத்துமீறிப் புகுதல் என்ற சட்டம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் தொழிலாளியின் காம்பரா வாசலில் நின்று பேசுவதே குற்றம். ஆகவே அவர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்பது மலையகம் நன்கறிந்த செய்தி. எனக்கு அந்த வேடத்தைவிட அதன் காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. சேலை விற்பவரை உள்ளே விடலாம், செய்தி கொண்டுவருபவரை விடக் கூடாது. தோட்டத்தின் வேலி நிலத்துக்குப் போட்டது மட்டுமல்ல, காதுக்கும் போட்டது. 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று அவர் பத்திரிகை நடத்தியதும், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை ஹட்டனில் நிறுவியதும் அந்த வேலியைத் தாண்டத்தான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவரிடமும் பாட்டு போய்ச் சேரும்.

நடேசய்யரைப் பற்றிச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. அவர் தன்னுடைய அணிக்குள்ளும் மாறுபட்டு நின்றவர். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் உப தலைவராக இருந்தார். அந்நாளில் தொழிலாளர் என்றாலே குணசிங்க என்றிருந்தது. ஆனால் குணசிங்கவின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியபோது இருவருக்கும் ஒத்துவரவில்லை. அந்தத் தசாப்தத்தின் இறுதியில் நடேசய்யர் பிரிந்தார். உழைப்பவர் ஒற்றுமையின் பெயரால் வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் மூடவில்லை. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

முதலாளிக்கு எதிராகப் பேசுவது கடினம். தன் பக்கத்துக்கு எதிராகப் பேசுவது அதைவிடக் கடினம். பிரேஸ்கேர்டிலைப் பாதுகாத்த சமசமாஜக் கட்சி, மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கட்சி. அதே கட்சி 1964 யூனில் கூட்டரசாங்கத்தில் அமைச்சுப் பதவிகளை ஏற்றது. அந்த அரசாங்கம் அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கிட்டார்கள். மலைகளில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடமும் கேட்கவில்லை. கூட்டரசாங்கத்தில் சேர்வதையே எதிர்த்துக் கட்சியை விட்டு வெளியேறிய எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றவர்கள் அன்று பிடிவாதக்காரர்களாகப் பார்க்கப்பட்டார்கள். இன்று அந்த வரலாற்றைப் படிக்கும் மலையகத்தவருக்கு அந்தப் பிடிவாதம் வேறு விதமாகத் தெரியும்.

இனி மலையகச் சங்கங்களுக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஏனென்றால் சங்கம் இல்லாவிட்டால் இந்த மக்களுக்கு வேறு எதுவும் இருந்திருக்காது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது, சங்கம் வைக்கவும் கூலி கேட்கவும் உரிமை வேண்டும் என்பதற்காக. 1948க்குப் பிறகு குடியுரிமையும் வாக்கும் பறிபோன மக்களுக்குச் சங்க அட்டைதான் அடையாளம், சங்கத் தலைவர்தான் பாராளுமன்றம். 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. ஒற்றுமையின் பலனைக் கண்ணால் கண்ட மக்கள் ஒற்றுமையைக் குலைப்பவரை வெறுப்பது இயல்பு.

ஆனால் அந்த ஒற்றுமை எப்படிக் காக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பழைய சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். மேலே வேலை செய்த நாட்களும் கிடைத்த தொகையும் இருக்கும். கீழே கழிவுகள்: சேமலாப நிதி, பண்டிகை முற்பணம், தேயிலைத் தூள், கோயில், சவரத் தொழிலாளி, சலவைத் தொழிலாளி, சங்கச் சந்தா. சந்தாவைத் தொழிலாளி கையால் கொடுத்ததில்லை. வெகுகாலம் தோட்டக் கந்தோரே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவந்தது. வசதியான ஏற்பாடு, பெரிய சங்கங்கள் இதனால்தான் உறுதியாக நின்றன. ஆனால் சந்தா வாங்க மாதம் ஒருமுறை லயத்து வாசலில் வந்து நின்று, "என்ன செய்தீர்கள் எங்களுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு அதனால் இல்லாமல் போயிற்று. சங்கம் மாற விரும்பும் தொழிலாளியின் கடிதமும் அதே கந்தோருக்குத்தான் போக வேண்டியிருந்தது. யார் எந்தப் பக்கம் போகிறார் என்பது துரைக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், மாலைக்குள் தலைவருக்கும் தெரிந்துவிடும்.

தலைவர் என்று நான் சொல்வது கொழும்பில் இருப்பவரை அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தோட்டத் தலைவர் உண்டு. லீவு, கடன், பிறப்புச் சான்றிதழ், மகனுக்குப் பேர் பதிவது, ஒழுகும் கூரைக்குத் தகரம், இவை எல்லாவற்றுக்கும், "தலைவரே, துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றுதான் போக வேண்டும். நல்ல தலைவர்கள் பலர் தங்கள் ஆயுளையே இதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் ஒருவர் சொல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற நிலை வந்துவிட்டால், அவரோடு மாறுபடுவது தகரத்தை இழப்பதாகிவிடுகிறது. துரைக்கு முன்னால் அடங்கிய அதே வாய், தலைவருக்கு முன்னாலும் அடங்கிப் பழகுகிறது. 1956இல் சங்கத் தலைவர்களில் ஒருவரான அப்துல் அஸீஸ் தனியே பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தபோது, கொள்கை வேறுபாடு தலைவர்களுக்கு இடையில் இருந்தது, பகை லயத்துக்கு லயம் இறங்கியது. ஒரே சுவரின் இரு புறம் வாழ்ந்தவர்கள் சாவுக்கும் சடங்குக்கும் போகாமல் இருந்த காலத்தை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள்.

எதிர்க்கேள்வி ஒன்று எழும். சங்கம் பிளந்தால் லாபம் துரைக்குத்தானே? உண்மைதான். பேரம் பேசும் மேசையில் பத்துச் சங்கம் பத்துத் திசையில் இழுத்தால் கம்பனி சும்மா இருந்தே ஜெயித்துவிடும். 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டம், தொழிலாளரில் 40 சதவீதத்தினரைக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளியின் முறைகேடு என்று சொல்வதும் இதை எண்ணித்தான். ஆனால் வேலைநிறுத்த நாளில் ஒன்றாக நிற்பது வேறு, வேலைநிறுத்தம் வேண்டுமா என்று பேசும் நாளில் ஒன்றாக மௌனமாக இருப்பது வேறு. முன்னதைக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு. பின்னதைக் கேட்கும் சங்கம், தான் யாரை எதிர்த்து உருவானதோ அவருடைய பழக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. அதே 1999 திருத்தம் தொழிலாளியைச் சங்கத்தில் சேரவோ விலகவோ வற்புறுத்தக் கூடாது என்று முதலாளியைத் தடுக்கிறது. சங்கத்துக்குள் மாறுபடுபவரைச் சங்கத்திடமிருந்து காப்பது பற்றி அதில் பேச்சில்லை.

இந்த மௌனத்தின் விலையைப் பெண்கள்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், சந்தாவில் பெரும்பங்கு அவர்களுடையது. மாதர் சங்கம், மாதர் தலைவி என்று பதவிகள் உண்டு. ஆனால் கூலியும் கிலோக்கணக்கும் பேசப்படும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் படங்களைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கைத் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்காதவர்கள் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். நிறுவையில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிக்கும்போது முணுமுணுக்காத பெண் இல்லை. அந்த முணுமுணுப்பு மலையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்கு வருவதில்லை, ஏனென்றால் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவள் அடுப்படியில் இருக்கிறாள்.

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஓர் அறையில் சிலர் அமர்ந்து கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைக்கப்பட்டவர்கள், வேண்டுமென்றே தவறாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்தத் தவறு முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. நாவலப்பிட்டியில் பிரேஸ்கேர்டில் செய்தது அந்தத் துணைக்குரலின் வேலையைத்தான். அவர் சொன்னது தொழிலாளருக்குப் புதிய செய்தி அல்ல. தாம் கண்டது மாயமல்ல, மேலே இருந்த ஒருவரும் அதையே கண்டிருக்கிறார் என்பதுதான் புதியது. என்றாலும் ஆஷின் அறையில் இருந்தவர் சோதனை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போனார். அறையும் வீடும் ஒரே ஆளுடையதாக இருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும் என்பதை எந்த ஆய்வுகூடத்திலும் சோதிக்க முடியாது. மலையகத்தில் அது தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது.

நம் காலத்துச் சான்று ஒன்று. அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015 முதல் மலையகத்தில் ஒலித்தது. 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாவாகவும், மற்றக் கொடுப்பனவுகள் சேர்த்து 730 ரூபாவாகவும் வைத்தது. ஒப்பந்தம் முடியும் நேரத்தில், 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கறுப்பு உடை அணிந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தச் சங்கமும் அழைத்து வந்த கூட்டம் அல்ல அது. கைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் யார்? பெரும்பாலும் கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களுடைய தாய்மார்.

தாய்க்காக மகன் பேசியது பாசத்தால் மட்டுமல்ல. அவனால் பேச முடிந்தது. அவன் தங்கியிருந்த போர்டிங் அறை தோட்டக் கம்பனியுடையதல்ல, அவன் பேரை வெட்ட எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் அதிகாரம் இல்லை, எந்தத் தலைவரின் சிபாரிசும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்கு எண்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் பிரேஸ்கேர்டில் மேடையேறிய அதே திடலில், அவருக்குக் கிடைத்த அதே வசதியின் சிறு பங்கு இவர்களுக்குக் கிடைத்தது: எதிர்த்துப் பேசிவிட்டுப் போய்ப் படுக்க, எதிர்க்கப்பட்டவருடையதல்லாத ஓர் இடம். 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவில் நிறுத்தியது. மலையகம் கசந்தது, அந்தக் கசப்பைத் தெருவில் உரத்துச் சொன்னது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1000 ரூபா வந்தது. 2024 செப்டெம்பரில் 1350 ஆயிற்று. இந்த உயர்வுகளுக்கு யார் உரிமை கொண்டாடினாலும், சங்கம் சொல்லாத ஒன்றை மலையகத்தவர் வெளியில் நின்று உரத்துச் சொல்லலாம் என்பதை முதலில் காட்டியவர்கள் அந்தக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள்.

ஆக, மாற்றுக் கருத்துக்கு வேண்டியது துணிச்சல் மட்டும்தான் என்று சொல்வது மலையகத்து மக்களுக்குச் செய்யும் அநியாயம். துணிச்சல் அவர்களிடம் எப்போதும் இருந்தது. கோவிந்தனிடம் இருந்தது. 1977 மே மாதம் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் சூடுபட்டுச் செத்த சிவனு லெட்சுமணனிடம் இருந்தது. குறைந்தது நிலம். 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் செல்வநாயகம் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்ன பிறகும் காம்பராவை விடாமல் இருந்த தொழிலாளியைக் குற்றவாளியாக்கிய தண்டனையை அது நீக்கியது. அவனுடைய முதன்மை நோக்கம் துரையை எரிச்சலூட்டுவது அல்ல, தன் வீட்டில் இருப்பதே என்றால், அது குற்றமாகாது என்றது. அந்தக் காம்பரா வீடு என்று ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த நீதிபதிகளுக்குத் தெரிந்தது. இங்கே அதை வீடு என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார், முதலில் அறிவித்த 4,000 வீடுகளோடு சேர்த்து 14,000. மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென 2018இல் அதிகார சபையும் சட்டமாயிற்று. வரவேற்க வேண்டியவை எல்லாம். ஆனால் வீடு யாருக்கு என்ற பட்டியலில் சங்கத்தின் கை இருக்கிறது என்ற முறைப்பாடு மலையகத்தில் புதிதல்ல. அந்த முறைப்பாடு உண்மையாகும் இடத்தில் எல்லாம், புதிய வீடும் பழைய காம்பராவாகிவிடும். கூரை மாறும், கூரைக்குக் கீழே பயம் மாறாது.

மலையகத்துக்கு வீட்டுத் திட்டம் கொண்டுவரும் அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பயனாளிகள் பட்டியலை, தெரிவின் காரணத்தோடு, பிரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். எந்தச் சங்கம் என்ற கேள்வி விண்ணப்பத்தில் எழுத்திலும் வேண்டாம், வாய்மொழியிலும் வேண்டாம். காணி உறுதியைச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள், பிறகு தருகிறோம் என்று சொல்லாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்தால்தான் இருக்கலாம் என்ற ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. உறுதியில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரையும் எழுதுங்கள்.